சொன்னது ஹரிஹரன், எழுதியது ஷபீனா

திருத்தணி தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் சிலர் உண்டு. ஆனாலும் திருவாலங்காட்டிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள்கூட, இறங்கியதும் "அந்த ஜெராக்ஸ் கட பாயம்மா எங்க கீறாங்க?" என்று விசாரித்துக்கொண்டு நேராக ஷபீனாவிடம்தான் வருவார்கள். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பிளாஸ்டிக் மேஜை, இரண்டு ஸ்டூல். கடை என்று பார்த்தால் அவ்வளவுதான்.

வருகிறவர்கள் எங்கேயோ ஆரம்பிப்பார்கள். பட்டா வேண்டும் என்று வந்தவர், தம்பி பெண்டாட்டி பேசிய பேச்சிலிருந்து தொடங்கி, செத்துப்போன பசுமாடு, தூர்ந்துபோன கிணறு என்று ஊரெல்லாம் சுற்றி வருவார். ஷபீனா குறுக்கே பேச மாட்டாள். பேனா மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அவர் மூக்கைச் சிந்தி முடிக்கும்போது, பெறுநர், பொருள், பணிவான வேண்டுகோள் என்று ஒரு பக்கத்தில் மனு தயாராக இருக்கும். அவர் சொல்லாமல் விட்டதை இவள் சேர்த்திருப்பாள், உளறியதை நேராக்கியிருப்பாள். அடித்தல் திருத்தல் ஒரு எழுத்துகூட இருக்காது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

ஒருமுறை கனகம்மாசத்திரத்திலிருந்து வந்த கன்னியம்மாளுக்கு உதவித்தொகை மனு எழுதிக் கொடுத்தாள். உள்ளே அதிகாரி, "ஜீவனாதாரம் ஏதும் இன்றின்னு எழுதியிருக்கீங்களே, இன்னா வேல செஞ்சிகினு இருந்தீங்க?" என்று கேட்டிருக்கிறார். கன்னியம்மாள் மலங்க மலங்க விழித்துவிட்டு, "அதெல்லாம் எனக்குத் தெரியாது சார், அந்தப் பாயம்மாவக் கூப்பிடுங்க, அவங்களுக்குத்தான் தெரியும்" என்று வெளியே வந்து ஷபீனாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆபீஸே சிரித்தது. ஷபீனாவும் சிரித்தாள், உள்ளூர சந்தோஷப்பட்டாள். அன்றைக்கே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். தலையில் ஐஸ் வைக்கும்போது யாருக்கு உறைக்கிறது?

இப்படிப்பட்ட ஷபீனாவுக்கும் ஒரு பயம் இருந்தது. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் கட்டிக்கொடுத்து இருபது வருஷம் ஆகப்போகிறது. இன்னமும் மார்ச் மாதம் பிறந்தால் அதே கனவு வரும். பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருப்பாள், கேள்வித்தாளில் எழுத்தே இருக்காது. விழித்து, விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கணவர் காதர், அரக்கோணம் ரோட்டில் டூவீலர் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர், "பாஸ் பண்ணிட்டு பயப்படறவ ஒலகத்துலயே நீ ஒருத்திதாம்மா" என்று கேலி செய்வார்.

ஷபீனாவின் தெருவிலேயே குடியிருக்கிற கௌரியம்மாள் ஒருநாள் கடைக்கு வந்து நின்றபோது அவள் முகத்தில் உயிரே இல்லை. அவள் மகன் ஹரிஹரன் பிளஸ் டூ, வணிகவியல் பிரிவு. பாஸானால் போதும் என்று தைக் கிருத்திகைக்குக் காவடி எடுத்தான். முருகனிடம் மார்க் கேட்கப் போனவன், கூட்ட நெரிசலில் படியில் தடுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு திரும்பினான். உள்ளே பிளேட் வைத்து வெளியே கட்டுப் போட்டிருந்தார்கள். பரீட்சை முடிகிறவரை அந்தக் கை பேனா பிடிக்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"சொல்லச் சொல்ல எழுதறதுக்கு ஒரு டீச்சர போடுவாங்களாம், ஷபீனா. தனி ரூமாம். கூட ஒரு மணி நேரமும் தருவாங்களாம்" என்றாள் கௌரியம்மாள். "இவன் வாயத் தொறந்து நாலு வார்த்த கோர்வையா பேசமாட்டானே. எப்டி சொல்வான்? அவங்க நைனா சொல்லிட்டாரு, பெயிலானா நகரியில எங்க அண்ணன் தறிக்கொட்டாய்க்கு அனுப்பிடுவேன்னு. இந்தக் கைய வெச்சிகினு தறியில இன்னா செய்வான்? நீதான் வேகமா எழுதுவியே, கொஞ்சம் பழக்கி விடும்மா."

ஷபீனா தயங்கினாள். ஊரார் பிள்ளையின் பரீட்சை. ஆனால் அவளும் அந்தக் காலத்தில் அதே வணிகவியல் படித்தவள். போதாக்குறைக்கு எழுதுவது அவள் தொழில். ஆகட்டும் என்றாள்.

தினமும் சாயங்காலம் கடையில் கூட்டம் குறைந்ததும் ஹரிஹரன் வந்துவிடுவான். கட்டுப்போட்ட கையை மேஜை மேல் கிடத்திவிட்டு எதிர் ஸ்டூலில் உட்காருவான். நெடுநெடுவென்று வளர்ந்த பையன், குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும். பள்ளிக்கூடத்தில் வணிகவியல் எடுக்கிற நாகேந்திரன் சார் கேள்வித்தாள் கொடுத்தனுப்புவார், எழுதியதை வாங்கித் திருத்துவார். முதல் தாளில் நாற்பத்தைந்து வந்தது. அடுத்ததில் அறுபதைத் தாண்டியது. மாசிப் பிறப்புக்குள் எண்பத்து மூன்றுக்குப் போய்விட்டான். நாகேந்திரன் சாரே கடைக்கு வந்து, "கை நல்லா இருந்தப்பகூட இவன் இவ்ளோ எடுத்ததில்லிங்க. வாய்ல சொல்றதுதான் இவனுக்கு வருது போல" என்று வியந்துபோனார். கௌரியம்மாள் மலைக்குப் போய்க் கற்பூரம் ஏற்றிவிட்டு, ஷபீனாவுக்கும் பிரசாதம் கொண்டுவந்து கொடுத்தாள். ஷபீனா வாங்கிக்கொண்டாள். பெருமையில் அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

அப்புறம் பள்ளிக்கூடத்தில் கடைசித் திருப்புதல் தேர்வு வந்தது. நிஜப் பரீட்சை மாதிரியே இருக்கட்டும் என்று தமிழ்செல்வி என்கிற ஆரம்பப் பள்ளி டீச்சரை வரவழைத்து, ஹரிஹரனுக்குத் தனியறை போட்டு எழுத வைத்தார்கள். வணிகவியலில் இருபத்தாறு மார்க் வந்தது. முப்பத்தைந்து எடுத்தால்தான் பாஸ்.

பையன் பயந்துவிட்டான் என்றார்கள். புது டீச்சர், அதனால் கூச்சம் என்றார்கள். கண் திருஷ்டி என்று கௌரியம்மாள் பூசணிக்காய் உடைத்தாள். ஷபீனா மட்டும் அந்த விடைத்தாளை வாங்கி வந்து, கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பிரித்தாள்.

தமிழ்செல்வி டீச்சரின் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. 'நுகர்வோர் உரிமைகள் என்பது வந்து நுகர்வோருக்கு இருக்கும் உரிமைகள் ஆகும். அது பல உள்ளது. முதலாவது பாதுகாப்பு. அடுத்தது தகவல் தகவல் அறியும். அடுத்தது' என்று அந்தரத்தில் நின்றிருந்தது. அடுத்த விடையும் அப்படியே. அதற்கடுத்ததும். டீச்சர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. சொன்னதை எழுதியிருக்கிறாள், சொல்லாததை எழுதவில்லை. சட்டமும் அதுதானே.

ஷபீனா பழைய தாள்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதே கேள்வி அதிலும் இருந்தது. 'நுகர்வோருக்குச் சட்டம் வழங்கியுள்ள உரிமைகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்' என்று தண்ணீர் மாதிரி ஓடியது. எண்பத்து மூன்று மார்க் விடை. இந்த 'பின்வருமாறு' யார் சொன்னது? ஹரிஹரன் தன் ஆயுளில் பின்வருமாறு என்று சொல்லியிருப்பானா? அவன் 'பாதுகாப்பு' என்றதும் இவள் கை தானாக அதற்கு மேலும் கீழும் ஒரு வாக்கியத்தைப் போட்டிருக்கிறது. வேண்டுமென்று செய்யவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் இத்தனை வருஷம் செய்ததைத்தான் அந்தக் கை இங்கேயும் செய்திருக்கிறது. கன்னியம்மாள் தன் கையைப் பிடித்து இழுத்துப்போன நாள் ஞாபகம் வந்தது. இந்தப் பையன் பரீட்சை ஹாலிலிருந்து வெளியே வந்து யார் கையைப் பிடித்து இழுப்பான்?

பரீட்சைக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை.

மறுநாள் காலையில் காதரிடம் சொன்னாள். அவர் ஷெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், நின்று கேட்டார்.

"அவன்கிட்ட சொல்லிடு" என்றார்.

"சொன்னா ஒடஞ்சி பூடுவான். அந்த எம்பத்தி மூணு மார்க்க நம்பித்தான் அவன் நின்னுகினு கீறான்."

"சொல்லலன்னா?"

அன்று முழுக்க மனு எழுத வந்தவர்கள் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. ரமலான் நோன்பு ஆரம்பித்திருந்தது. வாய் உலர்ந்தது நோன்பாலா பயத்தாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

சொல்லவும் தைரியம் இல்லாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல் அவள் மூன்றாவதாக ஒரு காரியம் செய்தாள். அதுதான் இருப்பதிலேயே மோசம். அன்று சாயங்காலம் ஹரிஹரன் வந்து சொல்லத் தொடங்கியதும், ஒன்றும் பேசாமல், அவன் சொன்னதை மட்டும் சொன்னபடியே எழுதினாள். அவன் நிறுத்தினால் பேனாவும் நின்றது. 'அது வந்து' என்றால் 'அது வந்து' என்று எழுதினாள்.

முடித்ததும் அவன் தாளை இடது கையால் இழுத்துப் படித்தான். முகம் சிவந்தது.

"இன்னாக்கா இது? ஒண்ணுமே சரியா எழுதல?"

"நீ சொன்னதுதான்டா."

"நான் இப்டியா சொன்னேன்? தெனமும் இப்டித்தான் சொல்றேன், தெனமும் நல்லாதான எழுதுனீங்க? மார்க் கம்மியாச்சுன்னு தெரிஞ்சதும் உங்களுக்கும் எளக்காரமா பூட்டனா?"

"இல்லடா ஹரி, உக்காரு..."

"வேணும்னே தப்புத் தப்பா எழுதறீங்க."

ஸ்டூல் கவிழ்ந்தது. அவன் போய்விட்டான். வாய் பேசாத பையன் என்று கௌரியம்மாள் சொன்னாளே, அன்றைக்கு அவன் நான்கு வாக்கியம் கோர்வையாகத்தான் பேசினான். ஷபீனாவுக்கு அதை ரசிக்கிற நிலைமை இல்லை.

அடுத்த நாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாள் சாயங்காலம் அவனுக்குப் பதில் கௌரியம்மாள் ஓடிவந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. "ஹரி இங்க வந்தானா? ஸ்கூல்லருந்து மத்தியானமே போய்ட்டானாம். செல்போன வூட்லயே வெச்சுட்டுப் போயிருக்கான். ஷபீனா, எனக்கு பயமா கீதும்மா."

பரீட்சைக் காலத்தில் பேப்பரில் வருகிற செய்திகளெல்லாம் வரிசையாக ஷபீனாவின் கண்முன் வந்தன. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு ரயில் கூவிக்கொண்டு போனது. அந்தச் சத்தத்தில் அவள் உயிர் ஒரு நிமிஷம் போய்த் திரும்பியது. யா அல்லா, என் பேனாவால் ஒரு பிள்ளைக்கு ஒன்று ஆகிவிடக் கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே காதருக்குப் போன் போட்டாள். காதர் ஷெட்டை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். கௌரியம்மாளும் அவள் கணவர் பரந்தாமனும் மலைப்பக்கம் ஓடினார்கள். ஷபீனா கடைக்குப் பூட்டுப் போடக்கூட மறந்து ஸ்டேஷனுக்குப் போனாள். பிளாட்பாரத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தாள். பள்ளிச் சீருடையில் யாரைப் பார்த்தாலும் பக்கத்தில் போய் முகத்தைப் பார்த்தாள். தண்டவாளத்தைப் பார்க்க மட்டும் அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

போன் அடித்தது. காதர். "பஸ் ஸ்டாண்டுல கீறான். நகரி பஸ்ல உக்காந்துகினு கீறான். நான் பக்கத்துல போவல, தூர நின்னு பாத்துகினு கீறேன். அவங்க வூட்டுக்கு சொல்லிட்டேன். நீ வா."

பஸ் பாதி காலியாக இருந்தது. ஹரிஹரன் ஜன்னலோரமாக, மடியில் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தான். ஷபீனா ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. அவனை அறையலாமா, கட்டிப்பிடித்து அழலாமா என்று இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"எங்கடா போற?"

"மாமா வூட்டுக்கு. எப்பிடியும் அங்கதான போவணும். இப்பவே போறேன்."

"தப்பு உன்னுது இல்ல ஹரி. என்னுது." அவள் சொல்லிவிட்டாள். மனு எழுதும் பழக்கம், கை தானாகச் சேர்த்தது, பின்வருமாறு, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் இடது கையால் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தான். பிறகு, "அப்போ அந்த எம்பத்தி மூணு உங்களுதா?" என்று கேட்டான்.

"பாதி என்னுது."

"எந்தப் பாதி?"

"தெரியலடா. அதான் எனக்கு பயமா கீது."

வெளியே மசூதியிலிருந்து பாங்கு சத்தம் கேட்டது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஹரிஹரன்தான் பார்த்தான். "நோன்பு தொறக்கலயா?" என்று பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை இடது கையால் எடுத்து நீட்டினான். மூடியைத் திறக்க அவனால் முடியவில்லை. அவள் வாங்கித் திறந்து குடித்தாள்.

"இன்னொண்ணும் கீதுக்கா" என்றான் அவன். "நான் தப்பா சொன்னா உங்க பேனா நிக்கும். இல்லாட்டி நீங்க என்னப் பாப்பீங்க. உடனே நான் மாத்திச் சொல்லிடுவேன். அந்த டீச்சர் மூஞ்சியில ஒண்ணுமே தெரியல. எது தப்புன்னு எனக்கு எப்டி தெரியும்?"

இது ஷபீனாவுக்குத் தெரியாத சங்கதி. எழுத்தில் மட்டுமல்ல, முகத்திலும் விடை சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"அப்போ இனிமே என் மூஞ்சியப் பாக்காத."

"நீங்க திரும்பி உக்காருங்க."

கண்டக்டர் விசில் கொடுத்தார். இரண்டு பேரும் அவசர அவசரமாக இறங்கினார்கள். கீழே காதர் ஒன்றும் தெரியாதவர் போல ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தோடு நின்றிருந்தார். கௌரியம்மாள் மலையிலிருந்து ஓடிவந்து மகனை இரண்டு அடி வைத்துவிட்டு, அதே கையால் அணைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஷபீனா அவனுக்கு முதுகைக் காட்டி, காலண்டர் மாட்டிய சுவரைப் பார்த்து உட்கார்ந்து எழுதினாள். அவள் பேசலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டது ஒரே ஒரு பேச்சுதான்: "எழுதிட்டேன். அப்புறம்?" சரியாகச் சொன்னாலும் அதுதான், தப்பாகச் சொன்னாலும் அதுதான். குரல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. எழுதி முடித்த பிறகும் எது தப்பு என்று அவள் சொல்லக் கூடாது, நாகேந்திரன் சார் திருத்திக் கொடுக்கும்வரை.

உலகத்தில் இதைவிடக் கஷ்டமான வேலை உண்டா என்று அவளுக்குத் தோன்றியது. தப்பு என்று தெரிகிறது. கண்முன்னே ஒரு பிள்ளை பள்ளத்தை நோக்கி நடக்கிறான். வாயைத் திறக்கக் கூடாது, பேனாவை நிறுத்தக் கூடாது. கால் கட்டைவிரலைத் தரையில் அழுத்திக்கொண்டு எழுதினாள். முதல் தாளில் முப்பத்தொன்று. அடுத்ததில் இருபத்தொன்பது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளுக்கு, நாம் இவனை இறக்கிவிட்டுத் தொலைத்துவிட்டோம், அந்த பஸ்ஸிலேயே போகவிட்டிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

பரீட்சை நெருங்கிய ஒரு சாயங்காலம் காசோலைக்கும் மாற்றுச்சீட்டுக்கும் உள்ள வேறுபாடு வந்தது. "காசோலையை யார் மீது வேண்டுமானாலும் எழுதலாம்" என்றான் ஹரிஹரன். தலைகீழ். ஷபீனாவின் காது சூடாகியது. எழுதினாள். "எழுதிட்டேன். அப்புறம்?" அவன் அடுத்த வேறுபாட்டுக்குப் போனான். அதற்கும் அடுத்ததற்குப் போனான். அப்புறம் சத்தமே இல்லை. அவள் பேனாவைத் தாளில் ஊன்றிக் காத்திருந்தாள். பின்னால் அவன் வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பது கேட்டது.

"அக்கா, மேல போங்க. காசோலைன்னு மொதல்ல சொன்னேன் இல்ல? அது தப்பு. அடிங்க."

அவள் அடித்தாள். அடித்தல் திருத்தல் இல்லாத ஷபீனாவின் தாளில் நீளமாக ஒரு கோடு விழுந்தது.

"அடிச்சுட்டேன். அப்புறம்?"

"காசோலையை வங்கியின் மீது மட்டுமே எழுத முடியும். முற்றுப்புள்ளி."

அவள் திரும்பவில்லை. கண் நிறைந்திருந்தது, அதை அவன் பார்த்துவிட்டால் விடை சரி என்று தெரிந்துபோய்விடும்.

வணிகவியல் பரீட்சை அன்று காலையில் ஷபீனா வழக்கம்போலக் கடையைத் திறந்தாள். கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு விவசாயி பாதைத் தகராறுக்கு மனு எழுத வந்தார். எழுதி முடித்துப் படித்துக் காட்டினாள். "எதிர்மனுதாரர் காசோலையை மறித்து வேலி போட்டுள்ளார்" என்று இருந்தது. அவர் ஒன்றும் புரியாமல் விழித்தார். அவள் அடித்து 'பாதையை' என்று மேலே எழுதினாள். மத்தியானம்வரை அப்படி எத்தனையோ அடித்தாள்.

பள்ளிக்கூட வாசலில் கௌரியம்மாளும் அவளும் வெயிலில் நின்றார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் வெளியே வந்து, கத்தி, சிரித்து, பஸ் பிடித்துப் போய்விட்டார்கள். ஹரிஹரனுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் கௌரியம்மாள் முருகா முருகா என்றாள். ஷபீனா நோன்பு வாயோடு கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவன் மெதுவாக நடந்து வந்தான்.

"அந்த டீச்சர் நல்லா எழுதினாங்களாடா? அக்கா எழுதற மாதிரியே எழுதினாங்களா?" என்று கௌரியம்மாள் ஓடினாள்.

"இல்லம்மா. நான் சொன்ன மாதிரி எழுதினாங்க."

ஷபீனா ஒரு எட்டு முன்னால் வந்தாள். "எங்கனா அடிக்க சொன்னியா?" என்றாள்.

"மூணு எடத்துல."

"எது எது?"

"சொல்லமாட்டேன்" என்றான். சிரித்தானா, அழுதானா என்று அந்த வெயிலில் தெரியவில்லை.

அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்தது. ரமலான் பெருநாள் வந்து போனது. அவன் கட்டைப் பிரித்தார்கள். அவள் அந்தப் பழைய கனவைக் கண்டுகொண்டேயிருந்தாள். இப்போது கேள்வித்தாளில் எழுத்து இருந்தது, ஹாலில் உட்கார்ந்திருந்தது ஹரிஹரன், அவளுக்குத்தான் வாய் திறக்கவில்லை. சரியானதை அடிக்கச் சொல்லியிருப்பானோ? தப்பை விட்டுவிட்டு நல்லதை அடித்திருந்தால்? மூன்று இடம் என்றானே. தெருவில் அவனைப் பார்த்தால் கேட்க நாக்கு துடிக்கும். பரந்தாமன் நகரிக்குப் போன் பேசுவது காதில் விழுந்தால் சோறு இறங்காது.

மே மாதம் ரிசல்ட் வந்த காலையில் ஷபீனா போனைத் தொடவில்லை. கடையில் இரண்டு பேர் மனுவுக்குக் காத்திருந்தார்கள். காதர்கூட ஷெட்டுக்குப் போகாமல், ஏதோ வேலை இருக்கிற மாதிரி ஜெராக்ஸ் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. ஹரிஹரன்.

"அக்கா, பேனா எடுங்க."

"எதுக்குடா? பாஸா, அத்த சொல்லு மொதல்ல."

"எடுங்கக்கா. நான் சொல்றத எழுதுங்க."

அவள் எடுத்தாள்.

"தமிழ், அறுபத்தெட்டு."

"எழுதிட்டேன். அப்புறம்?"

"இங்கிலீஷ், நாப்பத்தி ஒண்ணு."

"எழுதிட்டேன். அப்புறம்?"

ஒவ்வொன்றாகச் சொன்னான். எல்லாம் முப்பத்தைந்துக்கு மேலே. ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. அதற்கு முன் அவன் நிறுத்தினான். ஷபீனா பேனாவை ஊன்றிக் காத்திருந்தாள். மனு எழுத வந்தவர்கள் இரண்டு பேரும் எதுவும் புரியாமலே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"வணிகவியல்... இருபத்தி ஒம்போது."

சரியாகப் பார்த்தாயா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவன் சொன்னதை எழுதுவது அவள் வேலை, கேள்வி கேட்பது அல்ல. சுவரைப் பார்த்து அத்தனை சாயங்காலம் பழகியதும் அதற்குத்தான். இருபத்தொன்பது என்று எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது. கண்ணீர் சொட்டி மை ஊறியது. குரல் ஏறாமலும் இறங்காமலும் சொன்னாள்.

"எழுதிட்டேன். அப்புறம்?"

அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு அவன் குரல் உடைந்து வந்தது. "அடிங்கக்கா. தப்பா சொல்லிட்டேன். அறுபத்தி நாலு."

"டேய் பாவி! நேர்ல வாடா நீ, உன் காலையும் ஒடைக்கிறேன்" என்று ஷபீனா கத்திய கத்தலில் தாலுகா ஆபீஸ் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். காதர் துடைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அவள் கிறுக்குக் கிறுக்கென்று இருபத்தொன்பதை அடித்தாள், தாள் கிழிகிறவரை அடித்தாள். பிறகு பக்கத்தில், அவன் சொன்னபடியே, அறுபத்து நான்கு என்று எழுதினாள்.

"எழுதிட்டேன்" என்றாள். அப்புறம் என்று கேட்க அவளுக்குக் குரல் வரவில்லை.